புள்ளி போடாத வாசிப்பு

 

சென்ற மாதம் ஓர் உம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு மத்ரஸாவுக்கு வந்தார். "மௌலவி, புலமைப்பரிசில் சோதினை முடிஞ்ச நாளிலருந்து இவன் ஒரு புத்தகத்தையும் தொடுறானில்ல. கொஞ்சம் ஓதிப் பாருங்க" என்றார். ஓதிப் பார்க்கும் நோயல்ல இது. இரண்டு வருடங்களாக அவன் கையில் நாம் கொடுத்ததெல்லாம் வினாத்தாள்கள். சோதினை முடிந்தது, வாசிப்பும் முடிந்தது என்று அவன் நினைத்ததில் என்ன தவறு?

"தங்கச்சி, நீங்க கடைசியா வாசிச்ச புத்தகம் எது?" என்று கேட்டேன். சிரித்தார். "சோறாக்கி, புள்ளைகள டியூசனுக்கு அனுப்பி... எங்களுக்கு எங்க மௌலவி நேரம்?" அதுவும் உண்மைதான்.

ஆனால் என் மூத்தம்மாவுக்கும் நேரம் இருந்ததில்லை. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். நான் அப்போது சிறுவன். அதன் பிறகு மஃரிபுக்குப் பின் வெளியே யார் போவது? கரண்டும் இல்லை. குப்பி விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு மூத்தம்மா கிதாபை விரிப்பார். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் எழுதிய 'மகானி' அது. ஆலிம் அவர்கள் 1898இல் வஃபாத்தானவர்கள். மூத்தம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஓதப்பள்ளியில் படித்த அரபு எழுத்து மட்டுமே தெரியும். அரபில் இல்லாத தமிழ் ஓசைகளுக்குப் புள்ளியும் கோடும் சேர்த்துப் புதிய எழுத்துகள் அமைத்து, அரபெழுத்தில் தமிழை எழுதிவைத்தார்கள் நம் முன்னோர். பள்ளிக்கூட வாசல் காணாத எத்தனையோ பெண்கள் அந்த அரபுத்தமிழால் வாசகிகளாக இருந்தார்கள். இன்றோ, படித்த பெண்கள் நிறைந்த வீடுகளில் அந்தச் சத்தம் கேட்பதில்லை.

மூத்தம்மா எங்களுக்காக வாசிக்கவில்லை. தனக்காக வாசித்தார், சத்தமாக. பக்கத்து வளவுப் பெண்களும் வந்து குந்திக்கொள்வார்கள். நாங்கள் பாயில் சுருண்டு கிடந்து கேட்போம். விளங்கியது பாதி, விளங்காதது பாதி. என்ன விளங்கியது என்று எங்களை யாரும் கேட்டதில்லை.

ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த செய்தி அபூதாவூதில் வருகிறது. அபூபக்கர் (ரலி) அவர்கள் காலத்தில் தொகுக்கப்பட்ட குர்ஆன் ஏடுகள், உமர் (ரலி) அவர்களுக்குப் பின் அதே ஹஃப்ஸா (ரலி) அவர்களின் வீட்டில்தான் பாதுகாக்கப்பட்டிருந்தன. நம் வீடுகளிலோ பீங்கான் கோப்பைகளுக்குக் கண்ணாடி அலுமாரி இருக்கிறது. புத்தகங்கள் கட்டிலுக்குக் கீழே, பழைய பேப்பர்காரருக்காகக் காத்துக் கிடக்கின்றன. மகளுக்கு வீடு கட்டும்போது, அந்த அலுமாரியில் ஒரு தட்டைப் புத்தகத்துக்கு ஒதுக்கினால் என்ன? வாங்கக் காசில்லை என்றால் ஊர் நூலகம் இருக்கிறது. ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் மட்டும் போகும் இடமல்ல அது. கையில் போன் இருந்தால், 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் நம் நாட்டுத் தமிழ்ப் புத்தகங்களைச் சல்லிக்காசு இல்லாமல் வாசிக்கலாம்.

உங்களுக்குச் சொல்கிறேனே, நான் செய்ததையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் பாடக் கிதாபுக்குள் கதைப் புத்தகத்தை மறைத்து வைத்து வாசித்த மாணவன் ஒருவனைப் பிடித்தேன். எல்லோர் முன்னிலையிலும் ஏசி, புத்தகத்தைப் பறித்து அலுமாரியில் பூட்டினேன். அதன் பிறகு பாடங்களை ஒழுங்காக ஒப்புவித்தான். ஆனால் அவன் கையில் வேறொரு புத்தகத்தை நான் கண்டதில்லை. இப்போது ஓட்டோ ஓட்டுகிறான். கண்டால் மரியாதையாகச் சலாம் சொல்கிறான். எனக்குத்தான் முகம் கொடுக்க வெட்கமாக இருக்கிறது.

அந்த உம்மா வந்த அன்று அலுமாரியைத் திறந்தேன். சிந்துபாத்தின் கடற்பயணக் கதை. அன்று நான் அட்டையைக்கூடப் பார்த்திருக்கவில்லை. அதை எடுத்து அந்தப் பையனிடம் கொடுத்தேன்.

"வாசிச்ச பிறகு கேள்வி கேக்கட்டா மௌலவி?" என்றார் உம்மா.

"வேணாம் தங்கச்சி. அவன் வெச்ச பிறகு நீங்க எடுத்து வாசிங்க. முந்தி வாசிச்சாலும் சரிதான்" என்றேன்.

மூன்று கிழமை ஆகிறது. புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.