இன்னொரு வாட்ஸ்அப் குரூப் வேண்டாம் மக்களே!

போன மாதம் ஒரு செகண்ட் இயர் தம்பி லேபில் என்னைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, எங்க மினி ப்ராஜெக்ட் ரோபோ அஞ்சு நிமிஷம்கூட ஓட மாட்டேங்குது. மோட்டார் டிரைவரைத் தொட்டா கை சுடுது. உங்க சீனியர்ஸுக்கும் இதே பிரச்சினை வந்துச்சாமே, என்னண்ணா பண்ணாங்க?"

வந்தது உண்மைதான். அப்போது ஒரு அக்கா குரூப்பில் காரணத்தையும் தீர்வையும் தெளிவாக எழுதியிருந்தார். நான் ஒரு தம்ஸ்அப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த பேட்ச் பாஸ் அவுட் ஆனதோடு குரூப்பும் தூங்கிவிட்டது. நான் போன் மாற்றியதில் பழைய சாட்டும் போச்சு. கடைசியில் நானும் அந்தத் தம்பியும் ரெண்டு ராத்திரி டேட்டாஷீட்டைப் புரட்டி மறுபடியும் கண்டுபிடித்தோம். எல்298என் பழைய வகை சிப். மோட்டாருக்குப் போக வேண்டிய மின்னழுத்தத்தில் ரெண்டு வோல்ட் அளவுக்கு உள்ளேயே விழுந்து வெப்பமாகிறது. மாஸ்ஃபெட் வைத்த டிரைவருக்கு மாற்றினால் தீர்ந்தது.

ரெண்டு வரி பதில். அதற்கு ரெண்டு ராத்திரி. அடுத்த வருஷம் இன்னொரு தம்பி இதே சிப்பைத் தொட்டு கையைச் சுட்டுக்கொள்வான்.

இதனால்தான் சொல்கிறேன். நம்ம டிபார்ட்மென்டுக்கு வேண்டியது ஒரு மெயில் லிஸ்ட். ஒரே ஒரு முகவரி. அதற்கு மெயில் போட்டால் சேர்ந்திருக்கிற எல்லோருக்கும் போகும். பதில் போட்டால் அதுவும் எல்லோருக்கும் போகும். அத்தனையும் ஒரு இடத்தில் தேதிவாரியாகச் சேர்ந்திருக்கும், தேடினால் கிடைக்கும். அவ்வளவுதான்.

"மெயிலா? அதெல்லாம் யார் பாக்குறா? பிளேஸ்மென்ட் செல் மெயிலைத் தவிர நான் எதையும் திறக்கிறதே இல்ல" என்று நீங்க சிரிப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்க. உங்க ஆண்ட்ராய்டு போனுக்குள் இருக்கிற லினக்ஸ் கெர்னலில் ஒரு வரியை மாற்ற வேண்டுமானால், அந்த மாற்றம் இன்றைக்கும் மெயில் லிஸ்ட்டுக்குத்தான் போகிறது. அங்கேதான் கேள்வி, சண்டை, திருத்தம் எல்லாம். முன்பெல்லாம் இந்த மாதிரி லிஸ்ட்டில் யாராவது சேர வேண்டும் என்றால் ஒரு மனுஷன் உட்கார்ந்து பெயரைக் கையால் சேர்க்க வேண்டும். 1986-இல் 'லிஸ்ட்சர்வ்' என்கிற மென்பொருளை எழுதி அந்த வேலையைத் தானாக நடக்க வைத்தவர் எரிக் தாமஸ். அப்போது அவர் பாரிஸில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர். நம்மை மாதிரி ஒரு ஸ்டூடன்ட்!

வாட்ஸ்அப் கூடாது என்று நான் சொல்லவில்லை. "ஹால் மாறிடுச்சு, 204-க்கு வாங்க" என்பதற்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை. ஆனால் ஒரு கேள்விக்கு நிதானமாக நாலு பேர் பதில் எழுதுகிற இடம் அது இல்லை. கேள்வி வந்த ரெண்டாவது நிமிஷம் ஒரு ஸ்டிக்கர், மூணாவது நிமிஷம் யாருக்கோ பர்த்டே விஷ். கேள்வி மேலே போய்விடும். இன்னொன்றையும் பசங்க கொஞ்சம் யோசிக்கணும். முன்பின் தெரியாத முந்நூறு பேர் இருக்கிற குரூப்பில் சேர்ந்தால், நம்ம கிளாஸ் பொண்ணுங்க நம்பர் முந்நூறு பேர் கைக்கும் போகிறது. அதற்காகவே சேராமல் இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று உங்க கிளாஸில் கேட்டுப் பாருங்க. மெயில் லிஸ்ட்டில் போன் நம்பருக்கு வேலையே இல்லை.

சரி, ஆரம்பிப்பது எப்படி? கூகுள் குரூப்ஸில் பத்து நிமிஷ வேலை. சொந்தமாக சர்வர் வைத்து விளையாட ஆசை இருக்கிறவர்களுக்கு பைத்தானில் எழுதப்பட்ட, இலவசமான 'மெயில்மேன்' இருக்கிறது. பத்து நிமிஷத்துக்குப் பிறகு வருவதுதான் நிஜமான வேலை. அதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் ஒரு லிஸ்ட்டைக் கெடுத்தவன் நான்.

நான் செகண்ட் இயர் படித்தபோது எங்க கிளப்பில் ஒரு சீனியர் அண்ணன் மெயில் லிஸ்ட் ஆரம்பித்தார். அறுபது பேர் சேர்ந்தார்கள். என்னை மாடரேட்டர் ஆக்கினார். எனக்கு அப்போது பெரிய ஆபீசர் நினைப்பு. வருகிற ஒவ்வொரு மெயிலும் என் ஒப்புதலுக்குப் பிறகுதான் போக வேண்டும் என்று வைத்தேன். ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பி பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாக ஒரு சந்தேகம் கேட்டிருந்தான். சப்ஜெக்ட் லைன் காலி. "ஒழுங்கா ஃபார்மேட்ல எழுதி அனுப்பு" என்று ஒரு வரி எழுதித் திருப்பிவிட்டேன். அவன் மறுபடி அனுப்பவே இல்லை. அதை நான் கவனிக்கக்கூட இல்லை. அடுத்து மாடல் எக்ஸாம் வந்தது. பதினொரு நாள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. காத்திருந்த மெயில்கள் காத்திருந்தபடியே கிடந்தன. கேட்டவர்கள் வேறு இடத்தில் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு வருஷம் கழித்து கேன்டீனில் அந்தத் தம்பியே பேச்சுவாக்கில் சொன்னான். "அண்ணா, அதுதான் நான் காலேஜ்ல எழுதின முதல் மெயில். எழுத ஒரு மணி நேரம் ஆச்சு." கையில் இருந்த டீ இறங்கவில்லை.

மாடரேட்டர் வேலை பேப்பர் திருத்துகிற வேலை இல்லை மக்களே. தபால்காரர் வேலை. கடிதம் போய்ச் சேர வேண்டும், அதுதான் முக்கியம். கையெழுத்து எப்படி இருக்கிறது என்று தபால்காரர் மார்க் போடுவதில்லை. ஆகவே என் அனுபவத்தில் சொல்கிறேன். புதிதாகச் சேர்கிறவரின் முதல் மெயிலை மட்டும் பாருங்க, ஸ்பாம் இல்லை என்று தெரிந்ததும் அவரைத் திறந்துவிடுங்க. சப்ஜெக்ட் சரியில்லையா? மெயிலை அனுப்பிவிட்டு, அவருக்குத் தனியாக, மரியாதையாகச் சொல்லுங்க. தமிழ், இங்கிலீஷ், தங்கிலீஷ் எதிலும் கேட்கலாம் என்று வரவேற்பு மெயிலிலேயே எழுதி வையுங்க. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் சிலர் கேட்கவே துணிவார்கள்.

அறிவிப்புக்கு ஒரு லிஸ்ட், பேச்சுக்கு ஒரு லிஸ்ட் என்று ரெண்டாகப் பிரிப்பதும் நல்லது. பிரிக்காவிட்டால் என்ன ஆகும்? 2016 நவம்பரில் இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்-இல் ஒரு டெஸ்ட் மெயில் தவறுதலாக எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போய்விட்டது. "என்னை லிஸ்ட்டிலிருந்து எடுங்க" என்று ஆளாளுக்கு ரிப்ளை ஆல் அடிக்க, ஒவ்வொரு பதிலும் மறுபடி அத்தனை பேருக்கும் போனது. மெயில் சிஸ்டமே தள்ளாடிவிட்டது. நம்ம டிபார்ட்மென்ட் அவ்வளவு பெரிசு இல்லை. ஆனால் "நோட்டட் சார்" என்று நூறு பதில் வந்தால் நூற்றியோராவது ஆள் லிஸ்ட்டை விட்டுப் போய்விடுவார். அறிவிப்பு லிஸ்ட்டில் இருவர் மட்டும் எழுதட்டும். பேச்சு லிஸ்ட்டில் எல்லோரும் எழுதட்டும். மெயில் அதிகம் என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு மொத்தமாகத் தொகுத்து அனுப்புகிற டைஜஸ்ட் வசதியைக் காட்டுங்க. விலகுவது எப்படி என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்க. வெளியே போகும் கதவு தெரிந்தால்தான் ஆள் தைரியமாக உள்ளே வருவார்.

எங்க லிஸ்ட்டின் கதை அதோடு முடியவில்லை. அந்த அண்ணன் லிஸ்ட்டைத் தன் காலேஜ் மெயில் ஐடியில் ஆரம்பித்திருந்தார். ஓனர் அவர் ஒருவர்தான். பாஸ் அவுட் ஆனதும் ஐடி மூடப்பட்டது. சாவி கிணற்றில் விழுந்த கதை. அதனால் ஓனர் எப்போதும் மூன்று பேராக இருக்கட்டும். ஒரு ஃபைனல் இயர், ஒரு தேர்ட் இயர், முடிந்தால் ஒரு ஆசிரியர். மாணவர்கள் சொந்த மெயில் ஐடியில் சேரட்டும், அப்போதுதான் வேலைக்குப் போன பிறகும் லிஸ்ட்டில் இருப்பார்கள். நமக்குப் பதில் சொல்லப்போவதே அவர்கள்தானே! எட்டாவது செமஸ்டரில் நோ டியூஸ் வாங்குகிற வாரத்தில் லிஸ்ட்டையும் ஜூனியர் கையில் ஒப்படைப்பது வழக்கமாக வேண்டும்.

கூகுளையும் முழுசாக நம்பி உட்கார வேண்டாம். ஒரு காலத்தில் எத்தனையோ குழுக்கள் யாஹூ குரூப்ஸில்தான் பேசிக்கொண்டிருந்தன, தமிழ்க் குழுக்கள் உட்பட. 2019 அக்டோபரில், பழைய பதிவுகளை நீக்கப்போவதாக யாஹூ அறிவித்தது. 2020 டிசம்பர் 15-இல் கடையையே மூடிவிட்டது. முன்கூட்டியே எடுத்து வைத்தவர்களுக்கு மட்டும் மிஞ்சியது. செமஸ்டருக்கு ஒரு தடவை லிஸ்ட்டில் வந்த அத்தனையையும் இறக்கி டிபார்ட்மென்ட் கம்ப்யூட்டரில் போட்டு வைக்க அரை மணி நேரம்கூட ஆகாது.

"எல்லாம் சரி, ஆரம்பிச்சா யாரு எழுதுவா?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. முதல் ரெண்டு மாதம் யாரும் எழுத மாட்டார்கள். அப்போது ஆரம்பித்தவர்கள்தான் எழுத வேண்டும். கேன்டீனில், லேபில், ஹாஸ்டல் வராண்டாவில் யாராவது நல்ல கேள்வி கேட்டால், "இதையே லிஸ்ட்டில் கேளு, நான் அங்க பதில் சொல்றேன்" என்று சொல்லுங்க. நாலு பதில் சேர்ந்துவிட்டால் ஐந்தாவது தானாக வரும்.

நான் இந்த வாரம் ஆரம்பிக்கிறேன். இந்த முறை ஓனர் நான் மட்டும் இல்லை. மோட்டார் டிரைவர் சுடுகிறது என்று வந்த தம்பியும் ஒரு ஓனர். முதல் மெயில் எல்298என் பற்றி. அதை அவன்தான் எழுதுகிறான், தமிழில். எனக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னான். "பார்க்க மாட்டேன், நேரா லிஸ்ட்டுக்கு அனுப்பு" என்று சொல்லிவிட்டேன்.