இரண்டு முனுசாமிகள்

ஒரே கப்பல், பதிவேட்டின் ஒரே பக்கம். பன்னிரண்டாவது வரியில் ஒரு முனுசாமி. பத்தொன்பதாவது வரியில் இன்னொரு முனுசாமி. இருவருக்கும் தகப்பன் பெயர் ராமசாமி, வயது 24. அந்தப் பக்கத்தின் படத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் பெயர்களை ஏற்றும் தன்னார்வத் தொண்டருக்குக் கை துறுதுறுக்கும். குமாஸ்தா தூக்கக் கலக்கத்தில் இரண்டு முறை எழுதியிருப்பார், ஒன்றை அடித்துவிடலாமே என்று. அடித்தால், பிழைப்புத் தேடிக் கடல் கடந்த ஒரு மனிதர் அன்றோடு காணாமல் போகிறார்.

உதாரணம் கற்பனைதான். ஆனால் அபூர்வமானதல்ல. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். 'சாமி' என்று முடியும் பெயர்கள் அவர்களிடையே மலிந்து கிடந்ததால், வெள்ளையர்கள் இந்தியர்களை மொத்தமாக 'சாமி' என்றே கூப்பிட்டார்கள். காந்தி தன் சுயசரிதையில் இதைச் சொல்கிறார். சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம், நான் உனக்கு எஜமானா என்று சில இந்தியர்கள் திருப்பிக் கேட்டதையும் சொல்கிறார். ஒரு கூட்டத்துக்கே ஒரே பெயர் வைத்த அந்தக் காரியத்தை, நல்லெண்ணத்தோடு இன்று ஒரு கம்ப்யூட்டர் பட்டியலும் செய்துவிடக் கூடாது.

இந்தப் பட்டியல்களை யார் தேடுகிறார்கள்? பேரன் பேத்திகளின் பேரன் பேத்திகள். வெறும் ஆர்வத்துக்காக மட்டுமல்ல. ஓ.சி.ஐ. அட்டை வாங்க, முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். நான்காம் தலைமுறை வரை என்றிருந்த வரம்பை சூரிநாம்காரர்களுக்கு ஆறாம் தலைமுறை வரை நீட்டுவதாக 2023 ஜூனில் அங்கு சென்ற குடியரசுத் தலைவர் அறிவித்தார். 2024 மார்ச்சில் மொரீஷியஸ்காரர்களுக்கு ஏழாம் தலைமுறை வரை என்ற அறிவிப்பு வந்தது. 2025 ஜூலையில் ட்ரினிடாட் வம்சாவளியினருக்கு ஆறாம் தலைமுறை வரை என்றார் பிரதமர். தலைமுறை ஏற ஏற வீட்டில் காகிதம் இருக்காது, நினைவும் இருக்காது. கப்பல் பட்டியல் ஒன்றுதான் சாட்சி.

இந்த வேலையின் அடிப்படை விதி எளிது: வரிக்கு ஒரு பதிவு. பெயர் எத்தனை முறை வந்தாலும் அத்தனை முறையும் ஏற்ற வேண்டும். இருவரும் ஒருவரா என்று தீர்ப்புச் சொல்வது ஏற்றுபவரின் வேலையல்ல, தேடி வருபவரின் வேலை. சந்தேகம் இருந்தால் குறிப்புக்கான கட்டத்தில் எழுதி வைக்கலாம். ஒருவரை இருவராக விட்டுவைத்தால் பின்னால் யாராவது சேர்த்துவிடுவார்கள். இருவரை ஒருவராக்கிவிட்டால், பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இன்னொருவர் இருந்ததே தெரியாது.

உண்மையான இரட்டிப்பும் உண்டு. ஒரே பக்கத்தை இரண்டு முறை படம் எடுத்திருப்பார்கள். அதைக் காட்டிக்கொடுப்பது பெயரல்ல, பக்க எண்ணும் பதிவு எண்ணும். ஒவ்வொரு கூலிக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். மனிதனை எண்ணாக்கிய அந்த ஏற்பாட்டை நியாயப்படுத்த முடியாது, ஆனால் இரண்டு முனுசாமிகளைப் பிரித்துக் காட்டுவது இன்று அதுதான். அதிலும் ஒரு சிக்கல்: ஊர் திரும்பிவிட்டு மறுபடி கப்பல் ஏறியவருக்குப் புது எண் கிடைத்திருக்கும்.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் தனி ஆபத்து உண்டு. குமாஸ்தா ஆங்கிலத்தில் 'மூனேசாமி' என்று எழுதியிருப்பார். நமக்கு மனசு கேட்காது, திருத்தப் போவோம். முனுசாமியா, முனியசாமியா, முனீஸ்வரசாமியா? நாம் அறிவாளித்தனமாகத் தேர்ந்தெடுக்கும் கணத்தில் மூன்று பெயர்கள் ஒன்றாகி, இல்லாத இரட்டையர்கள் பிறந்துவிடுகிறார்கள். எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே போகட்டும்.

தலைமுறைக் குழப்பம் வேறு. தாத்தா பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் 'பெயரன்', பேரன் ஆனான். ஒரு குடும்பத்தில் ராமசாமி மகன் முனுசாமி, முனுசாமி மகன் ராமசாமி என்று மாறி மாறி வரும். நேட்டாலில் பிறந்த ராமசாமியின் பதிவைக் கப்பலில் வந்த ராமசாமியுடையது என்று சேர்த்தால், பேரன் தன் தாத்தாவாகவே ஆகிவிடுவான்.

இன்னொரு தொல்லை, 'மேற்படி'. மேல் வரியில் உள்ளதே இங்கும் என்பதற்குக் குமாஸ்தாக்கள் இரண்டு கோடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். காகிதத்தில் அது சரி. கம்ப்யூட்டர் பெயர்களை அகரவரிசையில் மாற்றி அடுக்கியதும் மேல் வரி எங்கோ போய்விடும், மேற்படி மட்டும் அநாதையாக நிற்கும். அந்த இடத்தில் முழுச் சொல்லையும் நிரப்புவதுதான் முறை.

பிஜிக்கு 1879 முதல் 1916 வரை போனவர்கள் 60,965 பேர். அங்கு பிறந்த வரலாற்றாசிரியர் பிரிஜ் லால், கல்கத்தா வழியாகப் போன சுமார் 45,000 பேரின் குடியேற்றச் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் கணக்கில் சேர்த்து ஆராய்ந்தார், 1983-ல் நூலாக வெளியிட்டார். அந்தச் சீட்டுகளில் பெயர், தகப்பன் பெயரோடு ஜில்லா, தாணா, கிராமம், அங்க அடையாளம் எல்லாம் உண்டு.

தொண்டர்களைக் கொண்டு பட்டியல் தயாரிப்பவர்கள் செலவும் நேரமும் கருதிப் பெயர், வயது, கப்பல் ஆகிய மூன்றை மட்டும் ஏற்றச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பன்னிரண்டாம் வரி முனுசாமிக்கு வலது முழங்காலில் தழும்பு, பத்தொன்பதாம் வரி முனுசாமிக்கு இடது கன்னத்தில் மச்சம் என்று குமாஸ்தா எழுதி வைத்திருந்தால், அந்தக் கட்டத்தையும் சேர்த்தே ஏற்றச் சொல்ல வேண்டும்.