ஐந்து ஆடுகள், யார் பெயரில்?

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஷிப்டு முடிந்து வரும் தோழர்கள் பலருக்கு ஊரில் ஓர் அக்காளோ சித்தியோ புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தனியே இருப்பாள். அவளுக்கு நாலு காசு அனுப்புகிறோம். அவள் பெயரில் என்ன இருக்கிறது என்று நாம் கேட்டதுண்டா?

1956ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்குச் சொத்தில் முழு உரிமை தந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் பண்ணைக் கூலி விட்டுப்போவது மண்வெட்டியும் கடனும். அதில் எதைப் பங்கு வைப்பது?

ஆகவேதான் 2021ல் தமிழக சர்க்கார் அறிவித்த திட்டத்தை நாம் அற்பமாக எண்ணவில்லை. ஏழைக் கைம்பெண்கள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்ற பெண்கள் 38,800 பேருக்குத் தலைக்கு ஐந்து ஆடுகள், முழு மானியத்தில். செலவு 75.63 கோடி ரூபாய்.

ஆடு என்ன செய்யும் என்பதை விவசாயத் தொழிலாளிக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சினை ஐந்தே மாதம். இரட்டைக் குட்டி சகஜம். 2023ல் 1,200 ரூபாயாக உயர்ந்த விதவைப் பென்ஷன் அன்றாடப்பாட்டுக்கு. ஆடுதான் அவளுடைய கையிருப்பு. பள்ளிக்கூடம் திறக்கும்போது வட்டிக்காரன் வாசலில் நிற்காமல் ஒரு கிடாவை விற்கலாம். ஆடியிலும் பக்ரீதிலும் விலை ஏறும். அதுவரை கட்டிவைக்க முடிந்தவள் பேரம் பேசுவாள். அவசரக்காரியிடம் தரகன் கண்ணாலேயே எடை போட்டு அடிமாட்டு விலைக்கு ஓட்டிப்போவான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 388 ஒன்றியங்கள், ஒன்றியத்துக்கு நூறு பேர்தான். மீஞ்சூர் ஒன்றியம் முழுவதிலும் நூறு கைம்பெண்கள்தானா? கொசஸ்தலையாற்றுக்கு இப்பால் கத்திவாக்கமும் திருவொற்றியூரும் 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. ஒன்றியமே இல்லாததால் தாழங்குப்பத்து விதவை இந்தக் கணக்கில் வரவேயில்லை. அவள் வறுமை மட்டும் மாநகரத்து வறுமையாகிவிட்டதோ!

மேய்ச்சலுக்கு எங்கே போவது? அனல் மின்நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து கிடக்கிறது. ஊர்ப் புறம்போக்கு வேலிக்குள் போய்விட்டால், ஆடு வரப்போரம் மேயும். நிலக்காரர் அபராதம் கேட்பார். ஆட்டைக் கொடுத்த கை, மேய்ச்சல் நிலத்தையும் ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசியையும் கொடுக்க வேண்டும் என்கிறோம்.

இன்னொன்று நம் வீட்டு விஷயம். அவள் ஆடு கொழுந்தனார் மந்தையில் சேர்ந்துவிட்டால், விற்ற பணம் யார் மடியில் ஏறுகிறது? பொங்கலுக்கு ஊர் போகும் தோழர்கள் இதைக் கேட்டு வரட்டும். கொழுந்தனார் முகம் சுளித்தாலும் சரி.