இசைவிழாவும் குடிநீரும்

திறந்தவெளி இசைவிழாவிற்கு முதன்முறையாகப் புறப்படும் இளைஞர்க்கு அறிவுரை கூறுவோர் பலர். நீர்க்குப்பி, தொப்பி, மழையுறை, சேற்றுக்கேற்ற மிதியடி எனப் பட்டியல் நீளும். யாவும் வேண்டுவனவே. ஆயின், அக் குப்பியை வாயிலிலேயே பறித்துக்கொள்வாரெனின் முன்னேற்பாடு என்னாகும்?

1999 சூலையில், அமெரிக்காவின் நியூயார்க்கு மாநிலத்தில் உரோம் என்னும் ஊரில் நடந்த உட்டுசுடாக்கு விழாவில் அதுதான் நிகழ்ந்தது. (1969இல் அமைதி முழக்கிய விழாவின் பெயரையே அதுவும் சூடிக்கொண்டிருந்தது!) பழைய வான்படைத் தளம்; நிழலற்ற தரை; ஏறத்தாழ 38 பாகை வெப்பம். பலர் கொண்டுவந்த நீர் பறிக்கப்பட்டது. உள்ளே ஒரு குப்பி நீர் 4 தாலர். விலையில்லாக் குழாய்களின் முன்னோ நெடுவரிசை. வெப்பந் தாக்கி இளைஞர் ஒருவர் மாண்டார். பாட்டுக் கேட்க வந்தவரின் நாவறட்சியை விலைபேசுவது வணிகமா, வழிப்பறியா?

இங்கிலாந்தின் கிளாசுட்டன்பரி விழா ஒரு பால்பண்ணையில் நடப்பது. 1970இல் முதல் விழாவிற்கு வந்தோர்க்குப் பண்ணையார் பாலையே விலையின்றி வழங்கினார். அங்கே ஒருமுறை பயன்படும் ஞெகிழிக் குப்பிகளில் நீர் விற்பதை 2019இல் நிறுத்திவிட்டனர். குழாய்நீரை எவரும் நிரப்பிக்கொள்ளலாம்.

ஆகவே, முதன்முறை செல்வோர் தொப்பி வாங்குமுன் விழா நடத்துவோரைக் கேட்கட்டும்: வெறுங்குப்பிக்கு இசைவுண்டா? குழாய்கள் எத்தனை? விடை தர மறுப்பாரிடம் நுழைவுச்சீட்டே வாங்கற்க.