பாட்டியின் மறதிக்குக் கஞ்சா எண்ணெயா?



முதுமை மறதி நோய்க்குக் கஞ்சா எண்ணெய் கைகண்ட மருந்து என்னும் பேச்சு நம்மவரிடையே பரவி வருகிறது. நாவின் அடியில் சில சொட்டு விட்டால் போதுமாம். மறந்துபோன பேரப்பிள்ளையின் பெயர்கூட நினைவுக்கு வந்துவிடுமாம். "சித்தர் கண்ட மூலிகை, வெள்ளைக்காரன் மறைத்த மருந்து" என்ற முத்திரை வேறு! புலனக் குழுவில் ஒருவர் அனுப்ப, ஒன்பது பேர் அதைப் பிறருக்கு அனுப்புகிறார்கள். அவர்களில் ஒருவரும் "எங்கே ஆய்வு? யார் செய்தார்?" என்று கேட்பதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்கும் குடும்பத்தாரை நான் பழிக்கமாட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, "பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, பால்மரம் சீவப் போகவேண்டும்" என்று பூட்டிய கதவை உலுக்கும் தாயை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோதான் அந்தத் துன்பம் தெரியும். 2018-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, நம் நாட்டில் 60 அகவையைத் தாண்டியவர்களுள் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும் என்று கணித்தது. ஆகவே, இது யாரோ ஒருவர் வீட்டுச் செய்தியன்று. "போதைப்பொருளா? சீச்சீ!" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது மறுமொழியாகாது. அபினியிலிருந்து பெறப்படும் மார்ஃபினைப் புற்றுநோயாளியின் வலிக்கு மருத்துவர்கள் கொடுக்கத்தானே செய்கிறார்கள்? செடியின் பெயரைக் கேட்டே அஞ்ச வேண்டியதில்லை. மெய்ப்பொருள் காண்போம்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

2016-இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வுக்கழகம், ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட நரம்பணுக்களில் கஞ்சாவின் டி.எச்.சி. என்னும் பொருள் அல்சைமர் நோய்க்குரிய புரதத்தைக் குறைத்ததாக அறிவித்தது. "கஞ்சா அல்சைமரைக் குணப்படுத்தும்" என்று ஊரெங்கும் பரவிய கதைக்கு இது பெரிய தீனி. ஆனால், அந்த அணுக்கள் கண்ணாடித் தட்டில் இருந்தவை. நம் பாட்டியின் தலைக்குள் இருந்தவை அல்ல!

மனிதர்களிடம் நடந்தது வேறு. 2015-இல் நெதர்லாந்தில் மறதி நோயாளிகள் 50 பேரிடம் நடந்த ஆய்வில், குறைந்த அளவு டி.எச்.சி.க்கும் வெற்று மாத்திரைக்கும் வேறுபாடு தெரியவில்லை. 2019-இல் கனடாவில் நபிலோன் என்னும் செயற்கை மருந்து சிலரின் மனக்கொந்தளிப்பைக் குறைத்தது. கூடவே தூக்க மயக்கத்தையும் கூட்டியது. 2021-இல் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த தகுதியான சோதனைகளைத் தேடித் திரட்டியபோது கிடைத்தவை நான்கே; அவற்றில் பங்கேற்றோர் 126 பேர். நன்மை இருந்தாலும் மிகச் சிறியதாகவே இருக்கும், உறுதியாகச் சொல்வதற்கில்லை என்பதே அதன் முடிவு. பின்னர் 2024-இல், 75 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு, ட்ரோனபினோல் என்னும் மருந்தால் கொந்தளிப்பு தணிந்ததாகத் தெரிவித்தது. இது நம்பிக்கை தரும் செய்தியே, மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவற்றுள் எந்த ஆய்வும் இழந்த நினைவை மீட்டதாகக் கூறவில்லை. கொந்தளிப்பு தணிந்ததா என்பதே கேள்வி. மருந்தும் அளந்து தரப்பட்ட மாத்திரை. அருகில் மருத்துவர், தாதியர் இருந்தனர். முகம் தெரியாத ஒருவர் விற்கும் முகவரியற்ற புட்டியில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. முதியவருக்குத் தலைசுற்றல் வந்தால் குளியலறையில் விழுவார். விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்பவருக்கு இந்த எண்ணெய் அம்மருந்தின் வேகத்தைக் கூட்டிவிடக்கூடும். இவற்றையெல்லாம் புலனச் செய்தி சொல்வதில்லை.

சரி, "சித்தர் கண்ட மூலிகை" என்ற வாதம்? இந்திய மருந்து விதிகளில் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்குரிய நச்சுப் பொருள்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. எட்டி, எருக்கு, அலரி ஆகியவற்றோடு கஞ்சாவும் அதில் இடம்பெற்றுள்ளது. அவை சேர்ந்த மருந்தை மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும். சித்தர் பெயரைச் சொல்லி விற்பவர், இதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார். அவருக்கும் மறதி நோய் போலும்!

சட்டம் என்ன சொல்கிறது?

1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி, சிறிதளவு கஞ்சா வைத்திருந்தாலே ஐந்தாண்டு வரை சிறையோ 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 200 கிராமை எட்டினால் கடத்தல் என்றே கருதப்படும். 2023 சூலை முதல் மரண தண்டனை கட்டாயமில்லை என்றாலும், நீதிபதி விரும்பினால் அதை விதிக்கலாம். இல்லையேல் ஆயுள் சிறையும் பிரம்படியும். தாய்லாந்து 2022-இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 சூனில் அங்கும் கஞ்சாப் பூவுக்கு மருத்துவச் சீட்டு மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. ஹட்யாயில் வாங்கியது புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டியதும் குற்றப்பொருளாகிவிடும். அம்மாவைக் காக்கப் புறப்பட்ட மகன் சிறைக்குப் போனால், அம்மாவை யார் காப்பது?

பெற்றோர்களே, பிள்ளைகளையும் எண்ணிப் பாருங்கள். காலைச் சபைகூடலில் போதைப்பொருளின் தீமையை நாங்கள் சொல்கிறோம். மாலையில் அதே பிள்ளை, குளிர்பதனப் பெட்டியில் மறைத்து வைத்த புட்டியைப் பார்க்கிறது. "வெளியே சொல்லாதே" என்ற கட்டளையையும் கேட்கிறது. அந்தப் பிள்ளை இனி யாரை நம்பும்?

யாருக்கு அமைதி?

இப்போது கசப்பான கேள்விக்கு வருகிறேன். இந்த எண்ணெய் உண்மையில் யாருக்காக? பாட்டி அமைதியானால் நிம்மதி அடைவது யார்? கொந்தளிப்பு என்பது பெரும்பாலும் பேச்சு இழந்தவரின் பேச்சு. பல்வலியாக இருக்கலாம், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தாகம், காது கேளாமை, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என எதுவாகவும் இருக்கலாம். 2011-இல் வெளியான நார்வே நாட்டு ஆய்வு ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் அறியவேண்டும். முதியோர் இல்லங்களில் கொந்தளிப்போடு இருந்த மறதி நோயாளிகள் 352 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு முறையாக வலிக்குச் சிகிச்சை அளித்தார்கள். எட்டு வாரத்தில் அவர்களின் கொந்தளிப்பு 17 விழுக்காடு குறைந்தது. அவர்களுள் பெரும்பாலோர் உண்டது என்ன தெரியுமா? நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் பெனடோலில் உள்ள அதே பாராசிட்டமோல்!

வலியால் துடிப்பவரை மயக்கிப் படுக்கவைத்துவிட்டு "அமைதியாகிவிட்டார்" என்று மகிழ்வது மருத்துவமா? மருத்துவமனை தரும் மனநோய் மாத்திரைக்கும் இதே கேள்வி பொருந்தும். மறதி நோயுற்ற முதியோரிடம் அவை இறப்பைக் கூட்டுவதாக 2005-இலேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஆகவே, எதையும் கேட்டுத் தெரிந்தே கொடுக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

1. கொந்தளிப்பு எந்த நேரத்தில், எதற்குப்பின் வருகிறது என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள். வலி, தொற்று, மலச்சிக்கல் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

2. ஏற்கெனவே எண்ணெய் கொடுத்திருந்தால், மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மற்ற மருந்துகளோடு அது மோதக்கூடும்.

3. பதிவு பெற்ற கஞ்சா மருந்துகளுக்குச் சட்டத்தில் இடமுண்டு என்று 2021 நவம்பரில் அன்றைய சுகாதார அமைச்சரே அறிவித்தார். நன்மை உண்டென நம்புவோர், நம் மருத்துவமனைகளில் முறையான ஆய்வு நடத்தும்படி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். அந்தக் கோரிக்கையில் நானும் கையொப்பமிடுவேன்.

4. ஒரே மகளின் தலையில் எல்லாப் பாரத்தையும் ஏற்றாதீர்கள். கோலாலம்பூரில் இருக்கும் மகன்மார், மாதம் பணம் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று எண்ண வேண்டா. கிழமைக்கு ஓர் இரவு வந்து அம்மாவின் பக்கத்தில் விழித்திருங்கள். "பெரட்டுக்கு நேரமாகிவிட்டது" என்று அவர் எழுந்தால், விளக்கைப் போட்டு ஒரு குவளை காப்பி கலந்து கொடுத்து, எந்த நிரையில் சீவினார் என்று கேளுங்கள்.

அதற்கு ஆள் இல்லாத வீடுதான் புட்டியைத் தேடுகிறது. உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறாரா?