பாராட்டும்போது டயரையும் பாருங்கள்

மோட்டார் சைக்கிள்காரருக்குக் கிடைக்கும் பாராட்டு கார்க்காரருக்குக் கிடைப்பதில்லை. விலை உயர்ந்த காரில் வந்து இறங்குபவரை யாரும் நிறுத்திப் பேசுவதில்லை. ஒரு புல்லட்டை நன்றாகத் துடைத்துப் பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பாருங்கள். முன்பின் தெரியாதவர் அருகில் வந்து, "கித்னா தேத்தி ஹை?" என்று ஆரம்பிப்பார். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதாகத் தோன்றும். வண்டி அழகாயிருக்கிறது என்பதே அவர் சொல்ல வந்தது.

1980களில் ரயில்வே வேலைக்காக நாகபுரிக்கு வந்த நான், பழைய புல்லட் ஒன்றை வாங்கினேன். இந்தியும் மராத்தியும் தடுமாறிய காலம். அக்கம்பக்கத்தாருக்கு என்னை அறிமுகப்படுத்தியது அந்த வண்டிதான். 'மதராஸி' என்று ஒதுங்கியவர்கள்கூட, "இந்த வண்டியும் எங்கள் பக்கத்துச் சரக்குதான்" என்றதும் சிரித்துக்கொண்டே நெருங்கி வந்தார்கள். நான் சொன்னது உண்மைதானே? 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டுடன் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்தது. திருவொற்றியூரில் எழுந்த தொழிற்சாலையில் புல்லட் உருவானது. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் 1970இல் மூடப்பட்ட பிறகும் சென்னையில் உற்பத்தி நிற்கவில்லை. பிழைப்புக்காக வெளியூர் வந்த நமக்கு, நம் ஊர் வண்டியை யாராவது புகழ்ந்தால் நம்மையே புகழ்ந்தது போலிருக்கும்.

ஆகவே பாராட்டு கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எதைப் பாராட்டுகிறோம் என்பதுதான் என் கவலை.

எங்கள் குடியிருப்பில் ஒரு பையன் இருக்கிறான். கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறான். முதல் சம்பளத்திலிருந்து சேர்த்து வைத்து மோட்டார் சைக்கிள் வாங்கினான். பார்த்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். புகழ்ச்சி வளர வளர வண்டியும் மாறியது. கம்பெனி சைலன்சர் போய், தெருவையே எழுப்பும் சைலன்சர் வந்தது. அழகைக் கெடுக்கிறது என்று பக்கவாட்டுக் கண்ணாடிகள் கழன்றன. ஹெல்மெட் எங்கே என்றால், "முகமே தெரியாதே அங்கிள்" என்பான். புகழ்ந்தவர்களில் நானும் ஒருவன். "பிரமாதமா வெச்சிருக்கேடா" என்று தட்டிக்கொடுத்தேன்.

அடுத்த வாரம் மழை. திருப்பத்தில் பிரேக் போட்டபோது வண்டி சறுக்கி விழுந்தது. தோள்பட்டை எலும்பு முறிவும் நெற்றியில் தையலுமாக உயிர் தப்பினான். வண்டியைத் தூக்கி வந்து நிறுத்தியபோதுதான் பின் டயரைக் கவனித்தேன். நடுவில் பட்டன் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. அவன் தோளைத் தட்டிய அன்றும் டயர் அப்படித்தான் இருந்திருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் சக்கரத்தையும் பிரேக்கையும் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். டேங்கின் பளபளப்பைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ரயில் பிளாட்பாரத்தில் வந்து நின்றதும் ஒருவர் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். பிசிறான ஓசை வந்தால் விரிசல் இருக்கலாம் என்று அவருக்குத் தெரியும். எஞ்சினைப் பார்த்துக் குழந்தைகள் கையாட்டும். அவரைப் பார்த்து யாரும் கையாட்டுவதில்லை. ஆனாலும் நாம் ஊர் போய்ச் சேர்வதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

2022இல் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். இவர்களில் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். சட்டம் இல்லாமல் இல்லை. 2019 திருத்தத்தின்படி ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். ஒலி விதிகளை மீறும் வண்டிக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் போலீஸ்காரர் நிற்பது நாற்சந்தியில். பாராட்டு கிடைப்பது வாசலிலும் கல்லூரியிலும் டீக்கடையிலும். இளைஞன் எதற்குக் கட்டுப்படுவான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இளைஞர்களுக்கு உபதேசம் கசக்கும், பாராட்டு இனிக்கும். அந்த இனிப்பை நாம் சரியான இடத்தில் கொடுத்தால் என்ன? "டயர் புதுசா? நல்ல காரியம் செய்தாய்" என்று சொல்லலாம். "செயின் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, நீயே எண்ணெய் போடுகிறாயா?" என்று கேட்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, "நல்ல ஹெல்மெட்" என்று இரண்டு வார்த்தை சொல்லலாம். வண்டி சத்தமில்லாமல் சீராக ஓடினால் அதையும் புகழலாம். நல்ல மெக்கானிக்குகள் அதைத்தான் முதலில் கவனிப்பார்கள்.

அந்தப் பையன் குணமாகி மீண்டும் வண்டி எடுத்துவிட்டான். கண்ணாடிகள் திரும்பி வந்துவிட்டன. சைலன்சர் விஷயத்தில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவனே என்னைக் கூப்பிட்டு, "அங்கிள், புது டயர் எப்படி?" என்று கேட்டான். இந்தத் தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

நம் சங்கக் குடும்பங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. அடுத்த முறை ஒரு பிள்ளையின் வண்டியைப் புகழுமுன் நீங்களும் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள்.