கணவரைப் பரிசோதித்தார்களா?

திருமணமாகி ஐந்தாறு ஆண்டுகள் கடந்தும் குழந்தை இல்லாத குடும்பங்கள் நம் பங்குகளில் பல உண்டு. அந்த வீட்டு மருமகள் வேளாங்கண்ணிக்குச் சென்று தொட்டில் கட்டுகிறார், நவநாள் செபிக்கிறார், மாத்திரை விழுங்குகிறார். 'மலடி' என்ற பட்டமும் அவருக்கே. 'மலடன்' என்ற சொல் அகராதியில் இருக்கிறது, தெருவில் நாம் கேட்டதில்லை.

கடந்த 2025ஆம் ஆண்டு நவம்பரில் உலக நலவாழ்வு நிறுவனம், குழந்தையின்மை குறித்த தன் முதல் உலகளாவிய வழிகாட்டி நூலை 40 பரிந்துரைகளுடன் வெளியிட்டது. ஆண்களுக்கான சிகிச்சையும் அதில் பேசப்பட்டுள்ளது. குறிப்பாக, வெரிக்கோசீல் எனும் குறையை அப்படியே விட்டுவிடாமல் சரிசெய்வது நல்லது என்கிறது அது.

வெரிக்கோசீல் என்றால் என்ன? விதைப்பையில் உள்ள இரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருண்டுகொள்வது. 'நரம்பு சுருண்டிருக்கிறது' என்று நம் ஊரில் சொல்வார்கள், உண்மையில் அது நரம்பல்ல. தேங்கும் இரத்தத்தால் அங்கே சூடு கூடி, விந்தணுக்கள் குறைகின்றன. ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்கு இது உண்டு. குழந்தையின்மைக்காக மருத்துவரிடம் வரும் ஆண்களிலோ 35 முதல் 40 பேர் வரை. தொடையிடுக்கின் அருகே சிறிதாகக் கீறி, நுண்ணோக்கி வழியே பார்த்து, பழுதான குழாய்களை மட்டும் கட்டிவிடுகிறார்கள். புதிய விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும் என்பதால், பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். எல்லாருக்கும் இது பலிப்பதில்லை. கையால் பார்த்தால் தெரியாமல் ஸ்கேனில் மட்டும் தெரியும் சிறு வீக்கத்திற்கு அறுவை தேவையுமில்லை.

இவ்வளவு எளிய வழி இருந்தும் கணவரை ஏன் பரிசோதிப்பதில்லை? ஆணின் வெட்கம் ஒரு காரணம். மற்றொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. 1992ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகர மருத்துவர்கள், ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் வெற்றி கண்டதை அறிவித்தனர். ஒன்று போதும் என்றானபின், மற்றவை ஏன் குறைந்தன என்று தேடும் அக்கறை பல இடங்களில் குறைந்துபோனது. குறை கணவரிடம் இருக்க, ஊசியும் மயக்க மருந்தும் மனைவிக்கு! இது நீதியா என்று நாம் கேட்க வேண்டாமா?

இவ்விடயத்தில் திருச்சபை எப்போதும் 'கூடாது' என்றே சொல்வதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2008ல் வெளியிட்ட 'திக்னித்தாஸ் பெர்சோனே' ஏட்டின் 13ஆம் எண், இயற்கையான கருத்தரிப்புக்குத் தடையாய் இருப்பதை அகற்றும் சிகிச்சைகளை ஏற்கிறது. அங்கே தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பெண்களுக்கானவை என்றாலும், அதே காரணம் ஆணின் அறுவைக்கும் பொருந்தும். குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டவர் குழாயை மீண்டும் இணைப்பதும் இவ்வகையே. ஆனால் அதில் காலம் முக்கியம். 1991ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், மூன்று ஆண்டுகளுக்குள் இணைத்தவர்களில் 76 விழுக்காட்டினரின் மனைவியர் கருவுற்றனர். 15 ஆண்டுகளுக்குப் பிறகு இணைத்தவர்களில் அது 30 விழுக்காடுதான். விதையிலிருந்து விந்தணுவை அறுத்தெடுத்து ஆய்வகத்தில் கருவாக்குவது வேறு. அங்கே கணவரின் குறை அப்படியே இருக்கிறது, தம்பதியரின் உறவும் ஒதுக்கப்படுகிறது. திருச்சபை அதை ஏற்பதில்லை.

விந்துப் பரிசோதனைக்கு மாதிரி தரும் முறை பற்றி மனச்சான்றுக் கலக்கத்தால் பின்வாங்குவோரும் உண்டு. தாம்பத்திய உறவின்போதே, துளையிட்ட தனி உறை மூலம் மாதிரி எடுக்கலாம். இதை மருத்துவரிடம் கூச்சமின்றிக் கேட்கலாம். மனைவிக்கு முப்பத்தைந்து வயது நெருங்குகிறதென்றால், அடுத்த திருவிழாவரை தள்ளிப்போடாமல் இந்த மாதமே கணவர் ஒரு சிறுநீரகவியல் மருத்துவரைப் பார்க்கட்டும். மனைவியோடு சேர்ந்தே போகட்டும்.